உறை கொடுத்தவருக்கு

மதிப்பிற்குரிய டக்ளஸ் பிராஷர் அவர்களுக்கு,



உங்களுக்கு என்னைத் தெரியாது. செல் பிரிவதைப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவள் நான். ஒரு செல் இரண்டாவதற்கு முன்னால் தன் குரோமோசோம்களை எப்படிச் சரிபாதியாகப் பங்கு போடுகிறது, அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்ப்பதுதான் பதினாறு ஆண்டுகளாக என் வேலை. இருட்டறை, நடுங்க வைக்கும் ஏசி, நுண்ணோக்கி, திரையில் பச்சைப் புள்ளிகள். அந்தப் பச்சை உங்கள் கை வழியாக வந்தது. என் ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் நெறியாளர் முதல் விடுதிச் சமையல்காரர் வரை முப்பது பேர் இருக்கிறார்கள். உங்கள் பெயர் மட்டும் இல்லை. அந்த விடுபட்ட வரியைத்தான் இப்போது கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் செல் பிரிதலை வெங்காயத்தில் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்து, வேர் விட்டதும் நுனியை நறுக்கி, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த கலவையில் போட்டுவிடுவோம். பிறகு அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்போம். ‘இது மெட்டாஃபேஸ், அது அனாஃபேஸ்’ என்று பேராசிரியர் காட்டுவார். படம் வரைந்து பாகம் குறித்தால் பத்து மதிப்பெண்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. நடுவில் வரிசை கட்டி நிற்கும் இந்தக் குரோமோசோம்கள் அடுத்த நிமிடம் என்ன செய்திருக்கும்? கண்ணாடியின் மேல் இருந்த எல்லாச் செல்களும் செத்துப்போனவை. ஒன்று ஒரு கட்டத்தில் செத்தது, இன்னொன்று வேறு கட்டத்தில் செத்தது. அவற்றை வரிசையாக அடுக்கி, ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்று கதை கட்டினோம். நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. தேரோட்டத்தை ஐந்து புகைப்படங்களாக மட்டும் பார்த்த ஒருவரிடம், வடத்தை எந்த நொடியில் இழுத்தார்கள், முட்டுக்கட்டையை யார் எப்போது போட்டார், திருப்பத்தில் எவ்வளவு நேரம் தேர் நின்றது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? செல்லைப் பற்றி எங்கள் பாடமும் அவ்வளவுதான் சொன்னது. தமிழில் கடந்துபோன காலத்துக்கு இறந்தகாலம் என்று பெயர். எங்கள் செல் உயிரியல் சொல்லுக்குச் சொல் அந்தக் காலத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

உயிருள்ள செல்லைப் பார்க்கவே முடியாது என்றில்லை. பார்த்தார்கள், சில சாயங்களும் இருந்தன. ஆனால் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே ‘இந்த ஒன்று மட்டும் இப்போது எங்கே இருக்கிறது’ என்று உயிரோடிருக்கும் செல்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது மிகக் கடினமாக இருந்தது.

ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வருடம், குரோமோசோமைச் சுற்றிக்கட்டும் ஹிஸ்டோன் புரதத்தோடு உங்கள் பச்சைப் புரதத்தை ஒட்டிவைத்த மனிதச் செல்களை முதன்முதலாகப் பார்த்தேன். 37 டிகிரி சூடு, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம். நூல்கண்டாகக் கிடந்த பச்சை மெல்ல இறுகித் துண்டு துண்டாயிற்று. துண்டுகள் அங்கும் இங்கும் அலைந்து நடுக்கோட்டுக்கு வந்தன. ஒன்று மட்டும் ஓரத்திலேயே நின்றது. மற்றவை எல்லாம் அதற்காகக் காத்திருந்தன. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அது ஒருவழியாக வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் வரிசை சட்டென்று இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் விலகியது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

சில வருடம் கழித்து அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். பொழுதெல்லாம் இருட்டில் உட்கார்ந்து என்னதான் செய்கிறேன் என்று பார்க்கக் கூட்டிப்போனேன். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏண்டி, இது உசுரோடயா இருக்கு?”

“ஆமாம்மா.”

“வெளிச்சம் போடுறது அதுக்குத் தெரியாதா?”

அந்த இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ சொல்ல முடிந்ததற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்குக் கரையோரம், வாஷிங்டன் மாநிலத்தில், ஃப்ரைடே ஹார்பர் என்ற சிறு துறைமுகம். 1961 கோடையில் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய வேதியியலாளரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஜான்சனும் அங்கே ஜெல்லி மீன் பிடிக்க வந்தார்கள். எங்கள் கடற்கரையில் சொறி என்று சொல்லி வலையிலிருந்து உதறி எறிவார்களே, அந்தக் குலத்தில் ஒன்று, ஏக்வோரியா விக்டோரியா. உள்ளங்கை அகலத்தில் கண்ணாடிக் குடை. தொந்தரவு செய்தால் குடையின் விளிம்பில் மட்டும் பச்சை ஒளி ஓடும். அந்த விளிம்புகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிச் சேர்த்துப் பிழிந்தார்கள்.

ஒளிரும் பொருளைக் கெடாமல் பிரிக்க வழி தெரியாமல் பல நாள் திண்டாடிய ஷிமோமுரா, ஒரு நாள் சோதனை முடிந்த கரைசலைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி நீலமாகப் பளிச்சிட்டது. மீன் தொட்டியிலிருந்து கடல்நீர் வழிந்து அங்கே வந்துகொண்டிருந்தது. கடல்நீரின் கால்சியம்தான் விளக்கைப் பொருத்தியது. அந்தக் கோடையில் பிடித்த சுமார் 10,000 ஜெல்லி மீன்களிலிருந்து சில மில்லிகிராம் புரதம் கிடைத்தது. ஏக்வோரின் என்று பெயரிட்டு 1962இல் கட்டுரை எழுதினார்கள். புற ஊதா ஒளியில் பச்சையாக மினுங்கும் இன்னொரு புரதமும் கூடவே வந்தது என்பதை ஓர் அடிக்குறிப்பில் சொன்னார்கள். ஜெல்லி மீனுக்குள் ஏக்வோரின் உண்டாக்கும் நீல ஒளியின் ஆற்றலை வாங்கிப் பச்சையாக வெளியிடுவது அந்த இரண்டாவது புரதம். எங்கள் பச்சை ஓர் அடிக்குறிப்பில் பிறந்தது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது ஜெல்லி மீனுக்குள்ளேயே கிடந்தது. வேண்டுமென்றால் கடலுக்குப் போய்ப் பிடிக்க வேண்டும், நறுக்க வேண்டும், பிழிய வேண்டும். அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணுவைத் தனியே எடுத்துவிட்டால் எந்தச் செல்லிலும் இந்த விளக்கை ஏற்றலாம், எந்தப் புரதத்தோடும் வால்போல ஒட்டி அது போகுமிடமெல்லாம் பின்தொடரலாம் என்று வெகு முன்பே கண்டவர்களில் நீங்கள் ஒருவர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஏக்வோரின் மரபணுவை எடுத்துக் கைதேர்ந்த பிறகு வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்துக்கு வந்தீர்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் கொடுத்த நிதியை வைத்துக்கொண்டு வேலை தொடங்கினீர்கள். ஜெல்லி மீனின் தூது ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்து, பாக்டீரியாக்களுக்குள் துண்டு துண்டாகச் சேமித்து, அந்தக் குவியலில் சரியான ஒன்றைத் தேடிய பொறுமையை இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதால் என்னால் ஊகிக்க முடிகிறது. 1992இல் வெளிவந்த உங்கள் கட்டுரையில் 238 அமினோ அமிலங்களும் வரிசையாக இருந்தன.

ஆனால் அந்த எழுத்துவரிசை வேறோர் உயிருக்குள் போனால் ஒளிருமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஒளிரும் பகுதியைச் செய்து முடிக்க ஜெல்லி மீனிடம் மட்டுமே உள்ள வேறு நொதிகள் தேவைப்படலாம் என்று பலர் நினைத்தார்கள். அப்படியிருந்தால் உங்கள் மரபணு திரியில்லாத அகல்தான். நீங்கள் கேட்ட அடுத்த நிதி மறுக்கப்பட்டது. ஆய்வகத்தை மூட வேண்டிய நிலை வந்தது. வேளாண்துறையில் பூச்சிகளைப் பற்றிய வேலைக்குப் போக முடிவெடுத்தீர்கள். அந்த நேரத்தில்தான் இருவர் உங்களிடம் கேட்டார்கள். ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்ஃபி. 1989இலேயே உங்களோடு பேசியிருந்தவர். மற்றவர் கலிபோர்னியாவின் ரோஜர் சியன். இருவருக்கும் மரபணுவை அஞ்சலில் அனுப்பி வைத்தீர்கள்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் தயிர் முழுக்கத் தீர்ந்துபோனால் காய்ச்சி ஆறிய பாலை உறைய வைக்க ஏதும் இருக்காது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், “உறைக்குக் கொஞ்சம் மோர் குடுங்கக்கா” என்று கேட்போம். ஒரு கரண்டி ஊற்றுவார்கள். விடிந்தால் நம் வீட்டில் ஒரு பானைத் தயிர். அவர்கள் வீட்டில் ஒன்றும் குறைந்திருக்காது. நாலாம் நாள் நாம் கொடுத்த உறை எதிர்வீட்டில் தயிராகியிருக்கும். தெருவே அந்தத் தயிரில் சாப்பிடும். முதலில் கொடுத்த வீடு எது என்று யாருக்கும் நினைவிருக்காது.

பிளாஸ்மிட் என்று நாங்கள் சொல்லும் வளைய டிஎன்ஏவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். பாக்டீரியாவுக்குள் விட்டு ஓர் இரவு வைத்தால் விடிவதற்குள் வேண்டிய மட்டும் பெருகியிருக்கும். நீங்கள் அஞ்சல் உறையில் அனுப்பியது உறைமோர்தான், ஐயா. எங்கள் மொழியில் இரண்டுக்கும் சொல் ஒன்றே.

விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்கக்கூடாது என்று பாட்டி சொல்வாள். வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். உங்கள் ஆய்வகத்தில் விளக்கு அணையும் நேரத்தில் நீங்கள் கொடுத்தீர்கள்.

அதன்பின் நடந்தவை வேகமானவை. சால்ஃபியின் ஆய்வகத்தில் கியா யூஸ்கிர்ச்சன் என்ற மாணவி அதைப் பாக்டீரியாவில் போட்டதும் சுமார் ஒரு மாதத்தில் பச்சை ஒளிர்ந்தது. மரபணுவின் புரதம் செய்யும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்ததுதான் அவர்கள் செய்த சரியான காரியம். முன்பின் கிடந்த மிச்சத்தையும் சேர்த்து வைத்தவர்களுக்கு ஒளி வரவில்லை. வேறு நொதி எதுவும் தேவைப்படவில்லை. பதினோரு இழைகளால் பீப்பாய்போல மடியும் அந்தப் புரதம், தன் நடுவில் உள்ள மூன்று அமினோ அமிலங்களைத் தானே பிணைத்து விளக்காக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து வேண்டியது ஆக்சிஜன் மட்டும். 1994 பிப்ரவரியில் சயின்ஸ் இதழின் அட்டையில் ஒரு மில்லிமீட்டர்ப் புழு வந்தது; உடம்புக்குள் தொடு உணர்வு நரம்புகள் பச்சையாக எரிந்தன. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் கடைசிப் பெயர் உங்களுடையது.

சால்ஃபியின் மனைவி டல்லி ஹேசல்ரிக் பழ ஈயில் ஒரு புரதத்தோடு இதை ஒட்டிப் பார்த்தார். தன் வெளிவராத முடிவைக் கணவர் மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் சனிக்கிழமை காலைகளில் காபி போட வேண்டும், ஒரு மாதம் தினமும் குப்பை கொட்ட வேண்டும் என்று எழுத்தில் நிபந்தனை போட்டார். அறிவியல் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒப்பந்தம் அது. சியன் எழுத்துகளை மாற்றி மாற்றி இன்னும் பளிச்சென்ற பச்சை, நீலம், மஞ்சள் என்று கொண்டுவந்தார். 1999இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் பவள இனங்களில் சிவப்பைக் கண்டெடுத்தார்கள். அதிலிருந்து சியனின் குழு செர்ரி, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி என்று பழக்கடையே வைத்தது.

நிறம் கூடியதைவிடக் கேள்விகள் மாறியதுதான் பெரிது. என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல, எல்லாக் குரோமோசோம்களிலும் அவற்றை இரு பக்கமும் இழுக்கும் இழைகளாகிய வடம் கட்டப்படும் வரை செல் பிரியாமல் தடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. வடம் கட்டாத குரோமோசோமின் இடுப்பில் மாட்-2 என்ற புரதம் வந்து உட்காரும். செத்த செல்லில் பார்த்தால் அது அசையாத ஒரு புள்ளி. காவலாளி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். உயிருள்ள செல்லில் மாட்-2ஐப் பச்சையாக்கி, அந்தப் புள்ளியை மட்டும் வலுத்த லேசரால் வெளுக்க வைத்தார்கள். புள்ளி இருண்டது. ஆனால் அரை நிமிடத்துக்குள் பாதிப் பச்சை திரும்பிவிட்டது. வெளுத்தவை கிளம்பிப்போய்ப் புதியவை வந்து உட்கார்ந்திருக்கின்றன! அங்கே இருந்தது ஒற்றைக் காவலாளி இல்லை. வந்து, உத்தரவு வாங்கி, செல் முழுக்கப் போய் ‘இன்னும் இழுக்காதே’ என்று சொல்லும் ஆட்களின் வரிசை அது. கடைசி வடமும் கட்டியதும் வரிசை கலைகிறது, செல் பிரிகிறது. எத்தனை ஆயிரம் வெங்காய வேர்களை நசுக்கினாலும் இது தெரிந்திருக்காது.

1997இல் சியனின் குழு இரண்டு நிறப் புரதங்களுக்கு நடுவே கால்சியத்தைப் பிடிக்கும் கொக்கி ஒன்றைப் பூட்டியது. கால்சியம் வந்தால் கொக்கி மடங்கும்; இரு விளக்குகளும் நெருங்கும்; ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவி நிறம் மாறும். பிறகு வந்த இத்தகைய உணர்விகளால்தான் மீன்குஞ்சின் மூளையில் நரம்புகள் கொத்துக் கொத்தாக மின்னுவதைப் பார்க்கிறோம். 2008இல் ஜப்பானில், டிஎன்ஏவை இரட்டிப்பதற்கு முன் செல்லின் உட்கரு சிவப்பாகவும் பின்பு பச்சையாகவும் மாறும்படி செய்தார்கள். எந்தச் செல் சும்மா இருக்கிறது, எது பிரியக் கிளம்பிவிட்டது என்று இப்போது நிறம் சொல்லிவிடுகிறது.

இனி அம்மாவின் இரண்டாவது கேள்வி. வெளிச்சம் போடுவது செல்லுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கு அது அடிபட்டுத்தான் புரிந்தது. முதல் வருடம் படம் பளிச்சென்று வரவேண்டும் என்ற பேராசையில் லேசரைக் கூட்டி, பத்து நொடிக்கு ஒரு படம் எடுத்தேன். என் செல்கள் எல்லாம் பாதி வழியில் நின்றுவிட்டன. புதிய தடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு வாரம் குதித்தேன். பிறகு லேசரைக் குறைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தன. நான் பார்த்தது என் வெளிச்சம் போட்ட சூடு. ஒளிரும் புரதம் ஒளியை வாங்கும்போது நச்சான ஆக்சிஜன் துணுக்குகளும் பிறக்கும், செல் தளரும். வாலாக ஒட்டிய பச்சையே சில புரதங்களின் நடையைக் கெடுத்துவிடும். அதனால் இன்று என் மாணவர்களுக்கு முதல் பாடமே மங்கலான படத்தைச் சகித்துக்கொள்வதுதான். உயிரோடு பார்க்க வேண்டுமானால் கொஞ்சமாகத்தான் பார்க்க வேண்டும்.

2008இல் வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுராவுக்கும் சால்ஃபிக்கும் சியனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மூன்று பேருக்கு மேல் கொடுக்க விதியில்லை. அப்போது நீங்கள் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில், ஒரு கார் விற்பனையகத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். சால்ஃபியும் சியனும் தங்கள் செலவில் உங்களையும் உங்கள் மனைவியையும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப்போனார்கள். தன்னை விட்டுவிட்டு உங்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்று சால்ஃபியே சொன்னார். சில ஆண்டுகள் கழித்து சியனின் ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தீர்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் மாணவர்கள் “ஐயோ பாவம்” என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. உங்களுக்கு நேர்ந்தது நியாயமா என்று கேட்டால், இல்லை. மறுக்கப்பட்ட நிதி இன்னும் இரண்டு வருடம் கிடைத்திருந்தால் அந்தப் புழுப் படத்தை நீங்களே எடுத்திருக்கலாம். ஆனால் ‘பாவம்’ என்று சொல்லி முடித்துவிட்டால் நீங்கள் செய்தது மறைந்துபோகிறது. குழாயை உறைவிப்பானிலேயே பூட்டிவைத்திருக்கலாம். ‘என்றாவது திரும்பி வருவேன்’ என்று கைக்குள் பொத்தி வைத்திருக்கலாம். அப்படிப் பொத்தி வைத்தவர்களையும் அவர்களுடைய உறைவிப்பானில் காலாவதியான குழாய்களையும் நான் பார்த்திருக்கிறேன். யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்தீர்கள் என்பது உங்கள் வாழ்க்கையில் நடந்த விபத்து இல்லை. அது நீங்கள் செய்த காரியம். என் நன்றி அதற்குத்தான்.

என் முதல் பிளாஸ்மிட்டும் அஞ்சலில்தான் வந்தது. முகம் தெரியாத ஓர் ஆய்வகம் அனுப்பியது. ஒரு துண்டு வடிதாள், அதில் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் காய்ந்துபோன ஒரு சொட்டு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வட்டத்தை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, பாக்டீரியாவுக்கு ஊட்டினேன். மறுநாள் தட்டில் வெள்ளைப் புள்ளிகள். பல வாரம் கழித்து இருட்டறையில் பச்சை.

போன வாரம் ஒரு கல்லூரி மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். ஈஸ்ட் செல் பிரிவதை உயிரோடு பார்க்க வேண்டுமாம். அவர்கள் துறையில் ஒளிர்நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்க்கப் பிளாஸ்மிட்தான் இல்லை. “தருவீர்களா மேடம், கட்டணம் ஏதாவது உண்டா?” என்று கேட்டிருந்தாள்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அதைத்தான் செய்யப்போகிறேன். வடிதாள் நறுக்கியாகிவிட்டது, பென்சில் வட்டமும் போட்டாகிவிட்டது. சொட்டு காய வேண்டும். வெளியே பொழுது சாய்ந்து, விளக்கும் வைத்தாகிவிட்டது. பாட்டி இருந்தால் காலையில் கொடு என்பாள். ஏழு மணிக்கு அஞ்சல் பை போய்விடும்.


உங்கள் தெருவில் தயிர் சாப்பிடும் ஒருத்தி